கேக்குது, ஆனா புரியல: காதுப் பரிசோதனைத் தாளை எப்படிப் படிப்பது?

உதாரணத்துக்கு ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பல வருடம் இரைச்சலோடு தகடு அடிக்கும் பவர் ப்ரஸ் ஓட்டி ஓய்வுபெற்ற, அறுபதைத் தாண்டிய ஒருவரின் வலது காது. ஹெர்ட்ஸ் என்பது ஒலியின் சுருதி (அதிர்வெண்), டெசிபல் என்பது அது காதுக்கு எட்டத் தேவைப்பட்ட சத்தம்: 250 ஹெர்ட்ஸில் 15 டெசிபல், 500-ல் 20, 1000-ல் 25, 2000-ல் 50, 4000-ல் 70, 8000-ல் 60. வீட்டில் அவரைப் பற்றிய புகார் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது. மெதுவா பேசினா ‘என்ன, என்ன’ங்கறார். கொஞ்சம் சத்தமா சொன்னா ‘ஏன் கத்துற’ங்கறார்.” அவரைக் கேட்டால் ஒரே பதில்தான்: “கேக்குது, ஆனா புரியல.”

இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்கிறது. அந்த ஆறு எண்களுக்குள் இரண்டு புகார்களுக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது குடும்பத்துக்குச் சொல்லப்படுவது பல இடங்களில் ஒரே வரி: “நரம்பு வீக், மெஷின் வெச்சுக்கணும்.” அந்த வரியில் பாதி தவறு, மீதி அவசரம்.

பேனா மூடியும் ஹார்மோனியமும்

காதுத் துளை சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய். வெளிமுனை திறந்தது, உள்முனையைச் செவிப்பறை அடைத்திருக்கிறது. பேனா மூடியை உதட்டில் வைத்து ஊதினால் ஒரே ஒரு சுருதியில் விசில் வருமே, அதே இயற்பியல்தான் இங்கும். காதுக் குழாயின் சுருதி 3000 ஹெர்ட்ஸை ஒட்டி விழுகிறது. அந்தப் பகுதி ஒலிகள் செவிப்பறையைத் தொடும் முன்பே 10 முதல் 15 டெசிபல் வரை பெருத்துவிடுகின்றன. பேச்சில் மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய இது வரம். ப்ரஸ் ஷாப்பில் இதே வரம்தான் சாபமாகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய சின்ன அறை. அதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள் சங்கிலியாகத் தொங்குகின்றன. அங்கவடி உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு. உயரம் 3 மில்லிமீட்டரைச் சுற்றி, எடை சில மில்லிகிராம். இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், உள்காதில் இருப்பது காற்று அல்ல, திரவம். நீச்சல் குளத்தில் தலையை முக்கினால் கரையில் பேசுகிறவர் குரல் மங்கிப்போவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றில் வரும் ஒலியில் 99.9 சதவீதம் தண்ணீர்ப் பரப்பில் மோதித் திரும்பிவிடும். இந்த இழப்பு சுமார் 30 டெசிபல். அதை ஈடுகட்டத்தான் எலும்புச் சங்கிலி. செவிப்பறையின் அதிரும் பரப்பு 55 சதுர மில்லிமீட்டர், அங்கவடியின் அடித்தட்டு 3 சதுர மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பெரிய பரப்பில் வாங்கிய அழுத்தத்தைச் சிறிய பரப்பில் குவிப்பதாலும், எலும்புகள் நெம்புகோல்போல அசைவதாலும் அழுத்தம் 20 மடங்குக்கு மேல் ஏறுகிறது. தொலைய இருந்த 30 டெசிபலில் பெரும்பகுதி மீண்டுவிடுகிறது.

இந்த அறைக்கு மூக்கின் பின்புறத்திலிருந்து ஒரு காற்றுக் குழாய் உண்டு. எச்சில் விழுங்கும்போது, கொட்டாவி விடும்போது திறந்து மூடும். சளி பிடித்து அது அடைத்துக்கொண்டால் அறைக்குள் காற்றழுத்தம் குறையும், பிறகு திரவம் கோத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டையாகவும் படுத்தவாக்கிலும் இருப்பதால் அவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது காக்ளியா. இரண்டரைச் சுற்றுச் சுற்றிய நத்தைக்கூடு. அதற்குள் 35 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு சவ்வு ஓடுகிறது. ஹார்மோனியக் கட்டைகளை வரிசை மாறாமல் சுருட்டி உள்ளே வைத்ததுபோல, சவ்வின் ஒவ்வொரு இடமும் ஒரு சுருதிக்கு உரியது. வாசலை ஒட்டிய பகுதி கீச்சென்ற உயர் அதிர்வெண்களுக்கு, உள்முனை தாழ்ந்த அதிர்வெண்களுக்கு. சவ்வில் அலை இப்படிப் பயணிப்பதைக் கண்டறிந்ததற்காக கெயார்க் வான் பேக்கேஷிக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் அளந்தது இறந்தவர்களின் காதுகளில். அதனால் உயிருள்ள காதின் முக்கியமான ரகசியம் அவர் அளவீட்டில் சிக்கவில்லை.

அந்த ரகசியம் மயிர்ச்செல்களில் இருக்கிறது. சவ்வின் மேல் உள்வரிசையில் சுமார் 3,500 செல்கள், வெளிவரிசைகளில் சுமார் 12,000. மூளைக்குச் செய்தி அனுப்புவது உள்வரிசை. வெளிவரிசைச் செல்களின் வேலை வேறு. ஒலி வந்ததும் அவையே நீண்டு சுருங்கி ஆடி, சவ்வின் அசைவைப் பெருக்குகின்றன. சன்னமான ஒலிக்கு 40, 50 டெசிபல் வரை இந்த உதவி கிடைக்கிறது. கூடவே பக்கத்துப் பக்கத்து சுருதிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிற கூர்மையும் இவற்றால்தான். பெரிய சத்தத்துக்கு அவை உதவுவதில்லை, தேவையுமில்லை.

இப்போது வீட்டுப் புகாருக்கு வருவோம். வெளிவரிசைச் செல்கள் செத்துப்போன காதில் மெல்லிய பேச்சு எட்டாது, ஏனென்றால் தூக்கிவிட ஆள் இல்லை. ஆனால் உரத்த குரல் மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியே அவருக்கும் உரத்துக் கேட்கும். கேட்கவே கேட்காத மட்டத்துக்கும் காதைக் குடைகிற மட்டத்துக்கும் நடுவே இருந்த அகலமான தெரு ஒரு சந்தாகக் குறுகிவிட்டது. “கேக்கல” என்றவர் அடுத்த நொடி “கத்தாதே” என்பது வீம்பால் அல்ல.

“நரம்பு வீக்” என்கிற சொல்லில் உள்ள பிழையும் இதுதான். பெரும்பாலானவர்களுக்குச் செத்திருப்பது இந்தச் செல்கள். சத்து மாத்திரை தின்றால் அவை முளைக்காது. கோழிக்கு முளைக்கும், பாலூட்டிகளுக்கு முளைப்பதில்லை.

60 டெசிபல் என்பது 60 பர்சென்ட் அல்ல

ஆடியோகிராம், அதாவது இந்தக் காதுப் பரிசோதனைத் தாள், ஒரு தலைகீழ் வரைபடம். மேலே போனால் நல்ல காது, கீழே இறங்க இறங்கக் குறைபாடு. இடமிருந்து வலமாக அதிர்வெண் ஏறும். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி.

பூஜ்யம் டெசிபல் என்றால் சத்தமே இல்லை என்று அர்த்தமல்ல. காது நோய் இல்லாத இளைஞர்களால் சராசரியாகக் கேட்க முடிகிற மிகச் சன்னமான ஒலிக்கு வைத்த பெயர் அது. சிலருக்கு மைனஸ் 5, மைனஸ் 10 கூட வரும். டெசிபல் பெருக்கல் கணக்கில் ஏறுவது. 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு, 60 கூடினால் 10 லட்சம் மடங்கு. ஆகவே 60 டெசிபல் குறைபாட்டை “60 பர்சென்ட் போச்சு” என்று சொல்வது எந்தக் கணக்கிலும் சேராது.

சராசரி எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நம் ப்ரஸ் ஷாப்காரரின் தாளில் 500, 1000, 2000 ஆகிய மூன்றை மட்டும் கூட்டி வகுத்தால் 32. பழைய அட்டவணைப்படி 26 முதல் 40 வரை லேசான குறைபாடு. 4000-ஐயும் சேர்த்து நான்காக வகுத்தால் 41. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வகைப்பாட்டில் 35-லிருந்து 50-க்குள் மிதமான குறைபாடு. ஒரே காது, ஒரே நாள், இரண்டு மையங்களில் இரண்டு பெயர். அதனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியைவிட வரைபடத்தின் உருவம் முக்கியம். இவர் தாளில் 4000-ல் பள்ளம் விழுந்து 8000-ல் கோடு மறுபடி ஏறுகிறது. இரைச்சலால் கெட்ட காதின் அடையாளம் இது. வயதால் மட்டும் கெட்டிருந்தால் 8000 இன்னும் கீழே இறங்கியிருக்கும். பேனா மூடிக் கதைதான்: காதுக் குழாய் 3000 ஹெர்ட்ஸைப் பெருக்குகிறது, பலத்த சத்தத்தில் காக்ளியாவின் சேதம் அதைவிடச் சற்று உயர்ந்த சுருதிக்குரிய இடத்தில் விழுகிறது, ஆகவே பள்ளம் 4000-ஐச் சுற்றி வருகிறது.

பொத்தானை அழுத்துகிற அந்த 20 நிமிடம்

முதலில் டார்ச்சும், காதுக்குள் பார்க்கிற ஓட்டோஸ்கோப்பும். துளை முழுக்க அழுக்கு அடைத்திருந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் சோதனை. முழு அடைப்பு 30, 40 டெசிபல் வரை காதை மந்தமாக்கும். பட்ஸ், கொண்டை ஊசி, சாவி என்று குடைகிறவர்கள் அழுக்கை வெளியே எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதே அதிகம். சென்னைப் புழுக்கத்தில், எண்ணெய் விட்டு ஈரமாக வைத்த காதில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும்.

பிறகு ஒலி புகாத அறை, ஹெட்போன், கையில் பொத்தான். ஹெட்போன் வைக்கும் முன் மூக்குக் கண்ணாடி, பெரிய தோடு, ஜிமிக்கி எல்லாம் கழற்ற வேண்டும். நன்றாகக் கேட்கிற காதிலிருந்து ஆரம்பம், 1000 ஹெர்ட்ஸிலிருந்து ஆரம்பம். எளிதில் கேட்கிற அளவில் ஒரு ஒலி. கேட்டுவிட்டால் 10 டெசிபல் குறை, மறுபடி கேட்டால் மறுபடி 10 குறை. கேட்காத இடம் வந்ததும் ஐந்தைந்து டெசிபலாக ஏற்று. ஏறுமுகத்தில் மூன்றுக்கு இரண்டு தடவையாவது பதில் வருகிற மிகக் குறைந்த அளவுதான் அந்த அதிர்வெண்ணின் எண். பத்து இறக்கு, ஐந்து ஏற்று என்கிற இந்த முறை 1950-களிலிருந்து பெரிய மாற்றமில்லாமல் நடக்கிறது. 2000, 4000, 8000 பார்த்துவிட்டு 1000-ஐ மறுபடி பார்ப்பார்கள். முதல் முறைக்கும் இதற்கும் 5 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நோயாளிக்குச் செய்முறை புரியவில்லை என்று பொருள், திரும்பத் தொடங்க வேண்டும். ஒலிகளுக்கு இடையிலான இடைவெளி சீராக இருக்கக் கூடாது. தாளம் பிடிபட்டுவிட்டால் கை தானாக அழுத்தும்.

என்னென்ன தவறும்? முதலாவது அறை. மெயின் ரோட்டை ஒட்டிய மாடியில், ஏசி ஓடிக்கொண்டிருக்க, கீழே ஜெனரேட்டர் உறுமும் அறையில் சோதித்தால் 250, 500 ஹெர்ட்ஸ் எண்கள் 10, 15 டெசிபல் மோசமாக வரும், ஏனெனில் இந்த இரைச்சல்கள் எல்லாம் தாழ்ந்த சுருதிகள். இலவச முகாம்களில் கல்யாண மண்டபத்து மூலையில் எடுக்கிற ஆடியோகிராமை ஆரம்பச் சல்லடையாக மட்டும் கொள்ள வேண்டும். அதை வைத்து மெஷின் வாங்கக் கூடாது. இரண்டாவது, ஹெட்போன் அழுத்தத்தில் வயதானவர்களின் தளர்ந்த காதுக் குழாய் மடங்கி அடைத்துக்கொள்வது. இல்லாத அடைப்பு தாளில் வந்துவிடும். காதுக்குள் செருகும் இயர்போன் போட்டால் அது மறையும். மூன்றாவது காதிரைச்சல். ‘ங்ஙொய்’ என்று எப்போதும் கேட்பவர், சோதனைக் கருவியின் ஒலி எது தன் காதின் ஒலி எது என்று குழம்புவார். அவருக்கு விட்டுவிட்டு ஒலிக்கும் சத்தம் கொடுக்க வேண்டும். தீபாவளிக்கு மறுநாளும், இரவு ஷிப்ட் முடித்த கையோடும் பரிசோதனைக்குப் போகாதீர்கள். பலத்த சத்தத்திலிருந்து விலகி 14 மணி நேரமாவது ஆகியிருந்தால்தான் தற்காலிக மந்தம் நிரந்தரக் குறையாகப் பதிவாகாமல் இருக்கும்.

எலும்பு வழி, மற்றும் ஒரு பயங்கரமான பிழை

ஒரு விரலால் வலது காதை அடைத்துக்கொண்டு வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். சத்தம் அடைத்த காதுப் பக்கம் ஒதுங்கும். காதுநோய் மருத்துவர் நெற்றியில் வைக்கிற 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் இதையேதான் சொல்கிறது. வழியில் அடைப்பு உள்ள காது, எலும்பு வழியாக வருவதை இன்னும் நன்றாகக் கேட்கும். உள்காதே கெட்டிருந்தால் சத்தம் நல்ல காதுப் பக்கம் ஒதுங்கும்.

இதை எண்ணாக்குவதுதான் எலும்பு வழிச் சோதனை. காதின் பின்னால் உள்ள எலும்பில் ஒரு சின்ன அதிர்வான். அது தோலில் நேராகப் பதிய வேண்டும். நடுவே முடிக் கற்றை மாட்டினால் எண்கள் கெடும், மல்லிகைச் சரம் தொங்கினால் கேட்கவே வேண்டாம். இந்த ஒலி செவிப்பறையையும் மூன்று எலும்புகளையும் தாண்டிக்கொண்டு நேராகக் காக்ளியாவை அடைகிறது. காற்று வழியில், அதாவது ஹெட்போனில், 50, எலும்பு வழியில் 10 என்றால் காக்ளியா நலமாக இருக்கிறது, வழியில்தான் கோளாறு: செவிப்பறை ஜவ்வில் ஓட்டை, நீர்க்கோவை, அங்கவடி இறுகிப்போதல். இவற்றில் பல, மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரியாகும். இரண்டும் 50 என்றால் உள்காது. காற்று 70, எலும்பு 40 என்றால் இரண்டும் கலந்தது. நம் ப்ரஸ் ஷாப்காரருக்கு இரண்டு கோடுகளும் ஒட்டியே ஓடும். ஒன்று நினைவிருக்கட்டும்: வெறும் வழி அடைப்பால் 60 டெசிபலுக்கு மேல் காது கெடாது, அதற்கு மேல் மண்டையோடே ஒலியைக் கடத்திவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து இடது காது முழுக்கப் போய்விட்ட ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். வலது காது முழு நலம். இடது ஹெட்போனில் ஒலியை ஏற்றிக்கொண்டே போனால் 50, 60 டெசிபலை நெருங்கும்போது அது மண்டையோடு வழியாகக் கசிந்து வலது காதுக்குப் போய்விடும். அவர் நேர்மையாகப் பொத்தானை அழுத்துவார். தாளில் இடது காதுக்கு 55 என்று பதிவாகும். எலும்பு வழியில் கசிவு இன்னும் எளிது. அதிர்வானை இடப்பக்கம் வைத்தாலும் இரு காதுக்கும் ஒரே சமயத்தில் போகும், வலது காதுதான் கேட்கும். ஆக இடது காதின் எலும்பு வழி எண் 5 என்று வரும். காற்று 55, எலும்பு 5: பார்க்கிறவருக்கு அழகான வழி அடைப்புக் கேஸ். இந்தத் தாளை நம்பி, உயிரற்ற காதில் எலும்பைச் சரிசெய்யக் கத்தி வைத்துவிடலாம்.

இதைத் தடுப்பதுதான் மாஸ்கிங். சோதிக்கிற காதில் ஒலி, மற்ற காதில் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். அந்த இரைச்சலில் நல்ல காது மும்முரமாக இருக்கும்போது கெட்ட காது தானாக என்ன கேட்கிறது என்று தெரிந்துவிடும். சாதாரண ஹெட்போனில் இரு காதுகளுக்கும் வித்தியாசம் 40 டெசிபலை எட்டினால் மாஸ்கிங் கட்டாயம். போட்டிருக்கிறார்களா என்பது தாளிலேயே தெரியும். வலது வட்டம் முக்கோணமாகவும், இடது பெருக்கல் குறி சதுரமாகவும் மாறியிருக்கும். இரண்டு காதுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தும் முக்கோணமோ சதுரமோ இல்லாத தாளை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் இது ஒன்றைப் பார்த்தால் போதும்.

இதோடு செய்கிற டிம்பனோமெட்ரிக்கு நோயாளியின் பதிலே வேண்டாம். காதை ஒரு ரப்பர் முனையால் அடைத்து, 226 ஹெர்ட்ஸ் ஒலி கொடுத்தபடியே காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஜவ்வு எவ்வளவு அசைகிறது என்று வரைவார்கள். மேடு நடுவில் வந்தால் ஏ டைப், நலம். மேடு மைனஸ் பக்கம் நகர்ந்தால் சி டைப், மூக்குக் குழாய் அடைப்பு. மேடே இல்லாத தட்டைக் கோடு பி டைப். அதன் பக்கத்தில் அச்சாகும் கொள்ளளவு எண்ணையும் பார்க்க வேண்டும். சாதாரணமாக இருந்தால் உள்ளே நீர், மிக அதிகமாக இருந்தால் ஜவ்வில் ஓட்டை, மிகக் குறைவாக இருந்தால் அழுக்கோ முனை சுவரில் முட்டுவதோ.

கட்டை, சட்டை, தட்டை, பட்டை, மட்டை

ப்ரஸ் ஷாப்காரரின் “புரியல”வுக்கு விடை இந்த ஐந்து சொற்களில் இருக்கிறது. ஐந்திலும் முதல் மெய் மட்டுமே வேறு. உயிரெழுத்துகளின் வலு 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிகம். அங்கே அவர் காது கிட்டத்தட்ட நலம். ‘ம’ போன்ற மூக்கொலிக்கும் தாழ்ந்த பகுதியில் பலம் உண்டு, அதனால் ‘மட்டை’ ஓரளவு தப்பிக்கும். ‘ச’, ‘த’, ‘க’ ஆகியவற்றைப் பிரித்துக் காட்டுகிற சன்னமான வெடிப்பும் உரசலும் 2000-க்கு மேலே. அங்கே அவருக்கு 50, 70. ஆகவே பேச்சு முழு சத்தத்தில் வந்துசேர்கிறது, முகம் தெரியாமல். மற்ற நான்கும் அவருக்கு ‘அட்டை’. அமைதியான அறையில் மீதியை மூளை யூகித்து நிரப்பிவிடும். மின்விசிறி ஓட, டிவி பேச, இரண்டு பேர் குறுக்கே பேசினால் யூகம் தோற்றுவிடும். ஆங்கிலம் கலந்த பேச்சு இன்னும் சிரமம்: ‘பஸ்’, ‘ஆபீஸ்’, ‘கேஷ்’ எல்லாம் முடிகிற உரசல் ஒலி 4000-ஐச் சுற்றியும் அதற்கு மேலும்தான்.

இதை அளக்கத்தான் சொல் சோதனை. முதல் பகுதியில், தெரிந்த சொற்களைச் சத்தம் குறைத்துக்கொண்டே போய், பாதிச் சொற்களைச் சரியாகத் திருப்பிச் சொல்கிற அளவைக் கண்டுபிடிப்பார்கள். இது ஒலிச் சோதனையின் சராசரியோடு 10 டெசிபலுக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டில் ஒன்று தவறு. சான்றிதழுக்காகக் கேட்காததுபோல் நடிப்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இங்கேதான்: ஒலிக்கு 70-ல் பொத்தான் அழுத்தியவர், 40-ல் மெதுவாகக் கேட்ட சொல்லை மறந்துபோய்த் திருப்பிச் சொல்லிவிடுவார்.

இரண்டாவது பகுதியில் வசதியாகக் கேட்கிற சத்தத்தில் சொல் பட்டியல். 25 சொற்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 4 சதவீதம். இவருக்கு 19 சரியென்றால் 76. ஆடியோகிராம் அனுமதிப்பதைவிட இந்த எண் மிகவும் குறைவாக இருந்தாலோ, சத்தத்தைக் கூட்டினால் இன்னும் இறங்கினாலோ, அப்போதுதான் உண்மையிலேயே நரம்பைச் சந்தேகித்து ஸ்கேன் வரை போக வேண்டும்.

பட்டியல் தமிழில் இருக்க வேண்டும் என்பதில் சமரசம் கூடாது. வீட்டில் தமிழ் மட்டுமே பேசுகிறவருக்கு ஆங்கிலச் சொற்களைப் போட்டால் அளக்கப்படுவது காது அல்ல, இங்கிலீஷ். தமிழிலும் ‘ல, ள, ழ’வைப் பேச்சில் பிரிக்காதவருக்கு, ‘வாழை’யை ‘வாளை’ என்றதற்காக மதிப்பெண் குறைப்பது அபத்தம்.

குழந்தை: தட்டைத் தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது

“தட்டைத் தட்டினா திரும்பிப் பாக்குதே.” பல குழந்தைகளுக்கு ஒரு வருடத்தைத் தின்றுவிடுகிற ஆறுதல் இது. தட்டுச் சத்தம் பலமானது, பேச்சு அப்படியல்ல. கதவை அறைந்தால் தரை அதிரும். கை அசைவைக் கண் பார்த்துவிடும்.

பிறந்த குழந்தைக்குச் செய்வது ஓ.ஏ.இ. வெளிவரிசைச் செல்கள் ஆடும்போது அந்த ஆட்டத்தின் மெல்லிய ஒலி காது வழியாக வெளியே வருகிறது. 1978-ல் டேவிட் கெம்ப் இதைப் பதிவுசெய்தார். காதில் ஒரு சின்ன முனையை வைத்து அந்த எதிரொலி வருகிறதா என்று பார்ப்பார்கள். தூங்குகிற குழந்தைக்குச் சில நிமிட வேலை. முதல் ஓரிரு நாளில் காதுக் குழாயில் மாவு போன்ற பிசுக்கும் நீரும் இருந்தால் வராமல் போகலாம், பயப்படாமல் மறுமுறை பார்க்க வேண்டும். வந்துவிட்டது என்பதும் முழு நிம்மதி அல்ல. கடுமையான மஞ்சள் காமாலையோ, குறைமாதப் பிறப்போ, தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கணக்கில் இருந்ததோ இருந்தால், செல்கள் ஆடும், செய்தி நரம்பில் ஒழுங்காகப் போகாது என்கிற நிலை உண்டு. அவர்களுக்கு பெரா சோதனையும் வேண்டும். நெற்றியிலும் காதருகிலும் எலக்ட்ரோடு ஒட்டி, காதில் டிக் டிக் என்று ஆயிரக்கணக்கான ஒலி கொடுத்து, மூளைத்தண்டு வரை செய்தி போய்ச் சேருகிற அலைகளைச் சராசரி எடுப்பது அது. குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். ஆகவே முதல் நாள் தூக்கத்தைக் குறைத்து, சோதனைக்குச் சற்று முன் பால் கொடுத்துத் தூங்க வைப்பது நல்லது. தூக்க மருந்து தருவதாக இருந்தால் பால் எப்போது கொடுக்கலாம் என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கணக்கு 1, 3, 6. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம். மாமனையோ அத்தை மகனையோ கட்டிக்கொண்ட குடும்பங்களில் “எங்க பக்கம் யாருக்கும் இல்லையே” என்பது பதிலாகாது. பெற்றோர் இருவரும் ஒரே குறையுள்ள மரபணுவை ஒவ்வொரு பிரதி சுமந்தால் இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு காக்ளியர் இம்ப்ளாண்ட் (காக்ளியாவுக்குள் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சை) உண்டு என்பதால் ஆறு வயது வரை காலம் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பேச்சைக் கற்க மூளை திறந்து காத்திருப்பது முதல் மூன்று வருடங்களில்தான் அதிகம்.

ஒரே இரவில் ஒரு காது அடைத்துப்போனால்

காலையில் எழுந்ததும் ஒரு காது பஞ்சு வைத்தாற்போல் இருக்கிறது. “ஏசி காத்து அடிச்சிருக்கும், சளி” என்று சொட்டு மருந்து விட்டு ஒரு மாதம் ஓட்டுகிறவர்கள் நிறைய. முனகல் சோதனையை இங்கே செய்யுங்கள். ‘ம்ம்ம்’ அடைத்த காதுக்கு ஒதுங்கினால் அழுக்கோ சளியோ இருக்கலாம். நல்ல காதுக்கு ஒதுங்கினால் உள்காது திடீரென்று விழுந்திருக்கிறது. அன்றே ஈஎன்டி மருத்துவரைப் பார்த்து ஆடியோகிராம் எடுக்க வேண்டிய அவசரம் அது. ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்கலாம்.

சான்றிதழும் மெஷினும்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரு காதிலும் 70 டெசிபல் இழப்பு என்றால் காது கேளாதவர், 60 முதல் 70 வரை என்றால் செவித்திறன் குறைந்தவர். பர்சென்ட் என்கிற பேச்சு வருவது இந்த ஒரே இடத்தில். டெசிபலை அட்டவணை பார்த்து ஒவ்வொரு காதுக்கும் சதவீதமாக மாற்றி, நல்ல காதின் சதவீதத்தை ஐந்தால் பெருக்கி, கெட்ட காதின் சதவீதத்தைக் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். பொன்னுக்கு வீங்கியால் ஒரு காது முழுக்கப் போன அந்தப் பெண்ணுக்கு: பூஜ்யம் ஐந்து மடங்கு, கூட்டல் 100, வகுத்தல் 6, ஏறக்குறைய 17. சலுகைகளுக்கான வரம்பு 40. திசை தெரியாமல் அண்ணா சாலையைக் கடக்கிற சிரமம் அந்தச் சூத்திரத்துக்குள் வரவில்லை.

கடைசியாக நம் ப்ரஸ் ஷாப்காரரின் மெஷின். தாழ்ந்த சுருதிகள் அவருக்கு நன்றாகவே கேட்பதால் துளையை இறுக அடைக்கிற அச்சு அவருக்குக் கூடாது. அடைத்தால் தன் குரலே “கிணத்துக்குள்ள பேசுற மாதிரி” எதிரொலிக்கும், ஒரு வாரத்தில் மெஷின் பீரோவுக்குப் போய்விடும். காற்றோட்டமுள்ள திறந்த முனை போட்டு, 2000-க்கு மேலே மட்டும் ஏற்ற வேண்டும். மெல்லிய ஒலிக்கு நிறைய, உரத்த ஒலிக்குக் கொஞ்சம். செத்துப்போன வெளிவரிசைச் செல்கள் செய்துவந்தது அதைத்தான். காதுக்குள் மெல்லிய குழாய் மைக்கை விட்டு, கம்ப்யூட்டர் சொல்கிற ஏற்றம் உண்மையில் ஜவ்வருகே கிடைக்கிறதா என்று அளக்கிற இடமாகப் பார்த்துப் போவது நல்லது. பணம் கட்டும் முன், மின்விசிறியை ஓடவிட்டு, மெஷினைப் போட்டுக்கொண்டு வேறொரு தமிழ்ப் பட்டியலில் 25 சொற்களைச் சொல்ல வைத்து, பிறகு கழற்றிவிட்டு இன்னொரு பட்டியலைச் சொல்ல வைக்கும்படி ஆடியாலஜிஸ்ட்டிடம் கேளுங்கள். சட்டையும் கட்டையும் அப்போது பிரிகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வீட்டம்மாவுக்கே தெரிந்துவிடும்.